மெயில் வருது, ஆனா போகல: பிராட்பேண்ட் பூட்டி வெச்ச ஒரு கதவின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியா அங்கங்க கொஞ்சம் திருத்தியிருக்கேன்.)

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில சித்தப்பாகிட்ட இருந்து போன். "ஏம்மா, நீ கம்ப்யூட்டர் எஞ்சினியர்தானே?"

இந்தக் கேள்வி எங்க போய் முடியும்னு உங்களுக்கே தெரியும். பிரிண்டர் ஓடலையா, வைஃபை இழுக்குதா, பழைய போன்ல இருந்து போட்டோ எடுக்கணுமா, எல்லாத்துக்கும் வீட்டுல நாமதான்.

"சொல்லுங்க சித்தப்பா."

"ஆபீஸ்ல மெயில் போகலம்மா. வருது, ஆனா போகல. மூணு வாரமா போகலையாம். எனக்கே நேத்துதான் தெரியும்."

சித்தப்பாவுக்கு அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு சின்ன சிஎன்சி பட்டறை. ரெண்டு மெஷின், ஒன்பது பேர். பெரிய கம்பெனி ஒண்ணுக்கு ஜாப் வொர்க் பண்ணித் தர்றார். 1964-ல ஆரம்பிச்ச இந்த எஸ்டேட்டில் இப்படிப்பட்ட பட்டறைகள் தெருவுக்குத் தெரு இருக்கு. பொருள் வண்டியில் போயிடும், டெலிவரி சலான்ல சீல் வாங்கிடுவாங்க, இன்வாய்ஸ் மட்டும் மெயில்ல போகும். அந்தக் கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் ஆட்கள், இன்வாய்ஸ் கைக்கு வந்த தேதியில இருந்துதான் நாள் எண்ணுவாங்க.

மூணு வாரத்துல நாலு இன்வாய்ஸ். நாலும் சித்தப்பா ஆபீஸ் கம்ப்யூட்டரோட அவுட்பாக்ஸ்லயே உட்கார்ந்திருந்தது. அந்த மாசம் ஒன்பது பேருக்கும் சம்பளம் எட்டு நாள் தள்ளிப்போச்சு.

சட்டப்படி பார்த்தா, 2006-ம் வருஷத்து எம்எஸ்எம்இ சட்டம் குறு, சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள்ள பணம் தரணும்னு சொல்லுது. பொருளை ஏத்துக்கிட்ட நாள்ல இருந்து எண்ணணும். ஆனா "உங்க பில்லே வரலையே சார்"னு சொல்ற கஸ்டமர்கிட்ட சட்டப் பிரிவு பேசுற இடத்துல ஜாப் வொர்க் பண்றவங்க இல்ல. அடுத்த ஆர்டர் வேணும் இல்லையா?

அதனால இந்த எபிசோட் அந்த நாலு இன்வாய்ஸைப் பத்தி. மெயில் ஏன் போகல, யார் நிறுத்தினாங்க, எப்படிக் கண்டுபிடிக்கிறது, எப்படிச் சரி பண்றது. உங்க அப்பா கடையிலயோ மாமா ஆபீஸ்லயோ என்னைக்காவது ஒருநாள் இது நடக்கும். அன்னைக்கு போன் உங்களுக்குத்தான் வரும்.

வர்ற பாதை வேற, போற பாதை வேற

முதல்ல ஒரு அடிப்படை. "வருது, ஆனா போகல"ன்னு சித்தப்பா சொன்னாரே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கு.

மெயில் படிக்கிறதும் அனுப்புறதும் நமக்கு ஒரே ஆப் மாதிரி தெரியும். உள்ளே ரெண்டும் வேற வேற வேலை. வந்த மெயிலை எடுக்கிறது ஐமேப் அல்லது பாப். அனுப்புறது எஸ்எம்டிபி. ஒவ்வொண்ணும் சர்வர்ல வேற வேற கதவு வழியா போகும். அந்தக் கதவு எண்ணுக்குத்தான் போர்ட்னு பேர். ஐபி முகவரி ஒரு கட்டடத்தோட விலாசம்னா, போர்ட் அந்தக் கட்டடத்துல எந்தக் கதவைத் தட்டணும்ங்கிற நம்பர்.

ஐமேப்புக்கு இன்னைக்கு 993. பாப்புக்கு 995. அனுப்புறதுக்கு 25, 465, 587னு மூணு நம்பர் புழக்கத்துல இருக்கு. நம்ம பிரச்சினை மொத்தமும் இந்த மூணுக்குள்ளதான்.

மெயில் வருதுன்னா இன்டர்நெட் இருக்கு, சர்வர் உயிரோட இருக்கு, பாஸ்வேர்டும் பெரும்பாலும் சரி. போகலைன்னா, போற பாதையில மட்டும் ஏதோ ஒரு கதவு சாத்தியிருக்கு. மோடத்தை அணைச்சு அணைச்சுப் போடுறதை அந்த நிமிஷமே நிறுத்திடலாம்.

25-ம் நம்பர் கதவு யாருக்கு?

எஸ்எம்டிபி எழுதப்பட்டது 1982 ஆகஸ்ட்ல. எழுதினவர் ஜான் போஸ்டல். ஆர்எஃப்சி 821-ங்கிற ஆவணம். அன்னைக்கு நெட்வொர்க்ல இருந்தவங்க பல்கலைக்கழகங்கள், ஆராய்ச்சிக்கூடங்கள், அமெரிக்க ராணுவம் சார்ந்த இடங்கள். பெரும்பாலும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்ச உலகம். அதனால மெயில் அனுப்ப பாஸ்வேர்டே கேக்கல. யார் வேணும்னாலும் 25-ம் நம்பர் கதவைத் தட்டி, "இது இன்னார்கிட்ட இருந்து, இன்னாருக்கு"ன்னு சொல்லிக் கொடுத்துட்டுப் போகலாம். சொன்ன பேர் உண்மையான்னு யாரும் பார்க்க மாட்டாங்க.

ஒரு தபால் ஆபீஸை நினைச்சுக்கோங்க. முன்னாடி கவுண்ட்டர் இருக்கும். பின்னாடி மெயில் வேன் வந்து மூட்டை இறக்குற கேட் இருக்கும். ஆரம்பகால எஸ்எம்டிபியில முன்பக்கம், பின்பக்கம்னு ரெண்டு இல்ல. பொதுஜனமும் பின் கேட்ல வந்துதான் லெட்டர் கொடுத்தாங்க.

1998 டிசம்பர்ல, ஆர்எஃப்சி 2476-ங்கிற ஆவணம் மூலமா, முன் கவுண்ட்டரைத் தனியா கட்டினாங்க. அதுதான் 587. மெயில் எழுதுற மனுஷன் தன்னோட சர்வர்கிட்ட மெயிலை ஒப்படைக்கிற இடம் இது. இன்னைக்கு அங்க யூசர்நேம், பாஸ்வேர்ட் காட்டணும். 25 சர்வருக்கும் சர்வருக்கும் நடுவுல மட்டும். அதாவது வேன் வர்ற கேட்.

465-க்கு ஒரு தனிக்கதை. 1997-ல என்கிரிப்ட் பண்ணின எஸ்எம்டிபிக்குன்னு ஒதுக்கி, அடுத்த வருஷமே வாபஸ் வாங்கிட்டாங்க. ஆனா உலகம் அதைப் பயன்படுத்துறதை நிறுத்தவே இல்ல. கடைசியில 2018 ஜனவரியில ஆர்எஃப்சி 8314 வந்து, "சரி, மெயில் ஒப்படைக்க 465-ம் ஓகே, சொல்லப்போனா அதுதான் நல்லது"ன்னு சொல்லிடுச்சு.

ஆக, இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் மனசுல நிக்கணும்னா இது நிக்கட்டும்: 25 தபால் வேனுக்கு. 587-ம் 465-ம் உங்களுக்கு.

சித்தப்பா ஆபீஸ்ல மெயில் செட் பண்ணினது பல வருஷத்துக்கு முன்னாடி. செட் பண்ணினவர் 25-னு போட்டுட்டுப் போயிட்டார். அது இத்தனை வருஷம் ஓடுச்சு. அதான் யாருக்கும் சந்தேகமே வரல.

ஏன் பூட்டினாங்க?

இப்ப நீங்க கேக்கலாம். நான் காசு கட்டுற லைன்ல என் கதவை மூட இவங்க யாரு?

நியாயமான கேள்வி. பதிலும் நியாயமானதுதான், கொஞ்சம் கேளுங்க.

2003 வாக்குல சோபிக் மாதிரி வைரஸ்கள் வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள்ள புகுந்து, அதுங்களை ஸ்பேம் அனுப்புற மெஷின்களா மாத்த ஆரம்பிச்சது. கம்ப்யூட்டர் ஓனருக்குத் தெரியவே தெரியாது. அந்த வைரஸ் உங்க மெயில் கணக்கைத் தொடாது. தானே ஒரு குட்டி மெயில் சர்வரா மாறி, உலகத்துல இருக்கிற சர்வர்களோட 25-ம் நம்பர் கதவை நேரா தட்டும். அங்கதான் பாஸ்வேர்ட் கேக்க மாட்டாங்களே. 587-ல இந்த வேலை நடக்காது, திருடின பாஸ்வேர்டாவது வேணும்.

அதனாலதான் 25-ஐ மட்டும் மூடினா போதும். உண்மையான ஆளுக்கு 587 இருக்கு. வைரஸுக்கு வழி இல்ல. 2005-ல மெயில் கம்பெனிகளும் இன்டர்நெட் கம்பெனிகளும் சேர்ந்த மாக் என்கிற அமைப்பு இதையே பரிந்துரையா வெளியிட்டது: வீட்டு இணைப்புகள்ல இருந்து வெளியே போற 25-ஐ மூடுங்க, கஸ்டமர்களை 587-க்கு மாத்துங்க.

இது பலன் தந்ததா? பிரேசிலைப் பாருங்க. 2009-ல ஸ்பேம் அனுப்புற ஐபிகளோட பட்டியல்ல பிரேசில் முதல் இடத்துல இருந்தது. அங்க இன்டர்நெட் நிர்வாகக் குழு, டெலிகாம் கம்பெனிகள், அரசு எல்லாம் கூடிப் பேசி, 2012-லயும் 2013-லயும் வீட்டு இணைப்புகள்ல 25-ஐ மூடினாங்க. பட்டியல்ல முதல் பத்து இடத்துக்கு வெளியே போயிட்டாங்க.

நம்ம ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கு. ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறை. ஆசியா பசிபிக் பகுதிக்கான இருப்பு 2011 ஏப்ரல்லயே கடைசிக் கட்டத்துக்கு வந்துடுச்சு. அதனால பல கம்பெனிகள் ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பிரிச்சுக் கொடுக்குறாங்க. இதுக்கு சிஜிநாட்னு பேர். உங்க ரவுட்டர்ல காட்டுற வான் ஐபி 100.64-க்கும் 100.127-க்கும் நடுவுல ஆரம்பிச்சா, நீங்களும் அந்தக் கூட்டுக் குடும்பத்துல ஒருத்தர்.

இப்ப யோசிங்க. ஆவடியில ஒரு தெருவே ஒரு ஐபியில உட்கார்ந்திருக்கு. மூணாவது வீட்டுப் பையன் கிராக் பண்ணின கேம் இறக்கினான், வைரஸ் வந்துடுச்சு, ஸ்பேம் போகுது. கருப்புப் பட்டியல்ல ஏறுறது அந்தப் பையன் பேர் இல்ல. தெரு மொத்தத்துக்கும் பொதுவான அந்த ஐபி.

அதனால, கதவை மூடினது தப்புன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லாம மூடினதுதான் தப்பு. அதைக் கடைசியில பேசுறேன்.

பட்டரவாக்கத்துல இறங்கி

திங்கட்கிழமை ஒர்க் ஃப்ரம் ஹோம்னு சொல்லிட்டு, ஆவடியில லோக்கல் ட்ரெயின் ஏறி பட்டரவாக்கத்துல இறங்கினேன். பட்டறையில அக்கவுண்ட்ஸ் பார்க்கிற அக்கா ஏற்கெனவே கண்ணு கலங்கித்தான் இருந்தாங்க. "ஏதோ எரர் வரும் பாப்பா. நான் குளோஸ் பண்ணிடுவேன். சென்ட் கொடுத்தாச்சுல்ல, போயிருக்கும்னு நினைச்சேன்."

அக்காவைக் குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல. ஒரு நாளைக்கு ஜிஎஸ்டி போர்ட்டல், பேங்க், டேலின்னு பத்து எரர் வருது. பத்தையும் மூடிட்டுத்தான் வேலை பார்க்கிறாங்க. நாமளும் அப்படித்தானே?

"கடைசியா என்ன மாத்தினீங்க?"ன்னு கேட்டேன். இதுதான் எப்பவும் முதல் கேள்வியா இருக்கணும். சித்தப்பா யோசிச்சுச் சொன்னார்: "ஒண்ணும் மாத்தலையே. பழைய லைனை எடுத்துட்டு ஃபைபர் போட்டோம், அவ்ளோதான்."

அவ்ளோதான்! பழைய லைன்ல ஸ்டாட்டிக் ஐபி வாங்கி வெச்சிருந்தார். புது லைன் சாதாரண பிளான். ஸ்டாட்டிக் ஐபி வாங்கினவங்களுக்கு 25-ஐத் திறந்து விட்டு, மத்தவங்களுக்கு மூடி வைக்கிறது பரவலான வழக்கம்.

ஆனா சந்தேகம் வேற, நிரூபணம் வேற. அதனால மூணு சோதனை பண்ணினோம். நீங்களும் இதே வரிசையில பண்ணுங்க.

முதல் சோதனை, வெப்மெயில். பிரவுசர்ல அதே கணக்குல லாகின் பண்ணி ஒரு மெயில் அனுப்புங்க. போச்சுன்னா கணக்கும் சர்வரும் நல்லா இருக்கு. பிரச்சினை உங்க கம்ப்யூட்டருக்கும் சர்வருக்கும் நடுவுல. எங்களுக்குப் போச்சு.

ரெண்டாவது, மொபைல் ஹாட்ஸ்பாட். ஆபீஸ் லைனைக் கழட்டிட்டு, போன் டேட்டாவுல கம்ப்யூட்டரை இணைச்சு அனுப்பிப் பாருங்க. போச்சுன்னா பிராட்பேண்ட்தான் காரணம். போகலைன்னா? இங்கதான் ஒரு குழி இருக்கு. எங்களுக்கு ஹாட்ஸ்பாட்லயும் போகல. சித்தப்பா உடனே, "அப்போ லைன் நல்லாத்தான் இருக்கு, கம்ப்யூட்டர்தான் போச்சு, ஃபார்மட் அடிச்சிடலாமா?"ன்னார். "ஐயோ, இருங்க சித்தப்பா!" மொபைல் நெட்வொர்க்லயும் 25 மூடியிருக்க வாய்ப்பு இருக்கு. அதனால இந்தச் சோதனையில பாஸ் ஆனா அது சாட்சி. ஃபெயில் ஆனா அது எதையும் நிரூபிக்காது.

மூணாவதுதான் உண்மையான சோதனை. கதவை நேரா தட்டிப் பார்க்கிறது. விண்டோஸ்ல டெல்நெட்னு ஒரு பழைய கருவி இருக்கு. அது முதல்ல அணைஞ்சிருக்கும். கன்ட்ரோல் பேனல்ல விண்டோஸ் ஃபீச்சர்ஸ் பட்டியலுக்குப் போய் டெல்நெட் கிளையன்ட்டை டிக் பண்ணணும். அப்புறம் கமாண்ட் பிராம்ப்ட்ல டெல்நெட், ஒரு ஸ்பேஸ், உங்க எஸ்எம்டிபி சர்வர் பேர், ஒரு ஸ்பேஸ், 25. என்டர். அதே மாதிரி 587-க்கு ஒரு தடவை. மேக்லயும் லினக்ஸ்லயும் டெல்நெட்டுக்குப் பதிலா என்சின்னு அடிச்சு, ஹைஃபன் வி சேர்த்துக்கோங்க.

மூணு விதமான பதில் வரலாம். 220-னு ஆரம்பிக்கிற ஒரு வரி வந்தா, கதவு திறந்திருக்கு, உள்ளே ஆள் வணக்கம் சொல்றார். "கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்"னு டக்குனு வந்தா, அந்தக் கதவுக்குப் பின்னால யாரும் இல்ல, இல்லைன்னா ஒரு ஃபயர்வால் முகத்துக்கு நேரா மறுக்குது. எதுவுமே வராம இருபது, முப்பது செகண்ட் காத்திருந்து டைம் அவுட் ஆனா, நடுவுல யாரோ உங்க பாக்கெட்டைச் சத்தமில்லாம குப்பையில போடுறாங்க. போர்ட் பிளாக்கோட வழக்கமான அடையாளம் இதுதான்.

எங்களுக்கு 25-ல டைம் அவுட். 587-ல அடுத்த நொடியே 220. அக்காகிட்ட ஸ்கிரீனைக் காட்டினேன். "இது பூட்டியிருக்கு, இது திறந்திருக்கு அக்கா." அவங்க முகத்துல மூணு வாரப் பாரம் இறங்கினது தெரிஞ்சுது.

இங்க மூணு எச்சரிக்கை. ஒண்ணு, 465-ஐ டெல்நெட்ல தட்டினா கனெக்ட் ஆகும், ஆனா ஸ்கிரீன் காலியா இருக்கும். பயப்படாதீங்க, அந்தக் கதவுல முதல்ல என்கிரிப்ஷன் பேசணும், அப்புறம்தான் வணக்கம். ரெண்டு, 220 வந்தா அந்த வரியில இருக்கிற சர்வர் பேரைப் படிங்க. சில நெட்வொர்க்குகள் 25-ஐ மூடாம, நடுவுல தங்களோட சொந்த சர்வரை நிறுத்தி பதில் சொல்ல வைக்கும். உங்க சர்வர் பேருக்குப் பதிலா வேற யாரோ பேர் இருந்தா, நீங்க தட்டினது உங்க கதவு இல்ல. மூணு, கம்ப்யூட்டர்ல இருக்கிற ஆன்டிவைரஸும் 25-ஐத் தடுக்கலாம். பிராட்பேண்ட்காரரைத் திட்டுறதுக்கு முன்னாடி, அதே வைஃபையில வேற ஒரு லேப்டாப்ல இருந்தும் தட்டிப் பாருங்க.

சரி பண்றது ரெண்டு நிமிஷ வேலை

மெயில் சாஃப்ட்வேர்ல அக்கவுண்ட் செட்டிங்ஸ் போங்க. அவுட்லுக்கோ, தண்டர்பேர்டோ, டேலியில இருந்து நேரா இன்வாய்ஸ் அனுப்புற செட்டிங்கோ, எல்லாத்துலயும் விஷயம் ஒண்ணுதான். அவுட்கோயிங் சர்வர் போர்ட்டை 25-ல இருந்து 587-க்கு மாத்துங்க. என்கிரிப்ஷன்ல ஸ்டார்ட்டிஎல்எஸ் தேர்ந்தெடுங்க. 465 போட்டா எஸ்எஸ்எல் அல்லது டிஎல்எஸ்னு இருக்கிறதைத் தேர்ந்தெடுங்க. இந்த ஜோடியை மாத்திப் போட்டா சுத்திக்கிட்டே இருக்கும், தெளிவான எரர்கூட வராது.

அடுத்து, எல்லாரும் மறக்கிற டிக்: "அவுட்கோயிங் சர்வருக்கு ஆதென்டிகேஷன் தேவை." முன் கவுண்ட்டர்ல ஐடி காட்டணும்னு சொன்னேனே, இதுதான் அது. யூசர்நேம் முழு மெயில் ஐடியா இருக்கணும்.

நாங்க போர்ட் மாத்தினதும் வேற எரர் வந்துச்சு. சித்தப்பா முகம் மறுபடி வாடிப்போச்சு. நான் சிரிச்சேன். எரர் மாறினா நாம முன்னேறியிருக்கோம்னு அர்த்தம். முன்னாடி கதவே திறக்கல. இப்ப கதவுக்குள்ள இருந்து ஒருத்தர் பேசுறார். அவர் சொல்ற நம்பரைப் படிச்சா போதும். 530 வந்தா ஐடி காட்டு. 535 வந்தா காட்டின ஐடியோ பாஸ்வேர்டோ தப்பு. 550-யோட ரிலே மறுப்புன்னு வந்தா பெரும்பாலும் அந்த டிக்கைப் போடல. எங்களுக்கு 530. டிக் போட்டோம். போச்சு.

ஜிமெயில் கணக்கா இருந்தா, சாதாரண பாஸ்வேர்டைப் பழைய சாஃப்ட்வேர்ல போட்டா ஏத்துக்காது. டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணி, 16 எழுத்து ஆப் பாஸ்வேர்ட் ஒண்ணை உருவாக்கிப் போடணும்.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இதை நான் அன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன். சரி பண்ணின உடனே அவுட்பாக்ஸ்ல தேங்கினதெல்லாம் ஒரே மூச்சுல கிளம்பும். அனுப்புறதுக்கு முன்னாடி அக்கா "இரு பாப்பா, இரு"ன்னு நிறுத்தினாங்க. பழைய ரேட் போட்ட ஒரு கொட்டேஷன் உள்ளே இருந்தது. அது போயிருந்தா அந்த ரேட்டுக்கே வேலை செஞ்சு கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொண்ணு, தேங்கின மெயில்கள் பழைய தேதியோட போய்ச் சேரலாம். வாங்குறவரோட இன்பாக்ஸ்ல மூணு வாரத்துக்குக் கீழே போய் ஒளிஞ்சுக்கும். அதனால நாலு இன்வாய்ஸையும் புது மெயிலா அனுப்பி, அந்த கம்பெனிக்கு போன் பண்ணி, "வந்துடுச்சா சார்?"னு கேட்டு உறுதி பண்ணிக்கிட்டோம்.

சுவத்துல தொங்குற மெஷின்கள்

கம்ப்யூட்டரைச் சரி பண்ணிட்டா முடிஞ்சுதுன்னு கிளம்பிடாதீங்க. மெயில் அனுப்புற வேற மெஷின்களும் ஆபீஸ்ல இருக்கும். ஸ்கேன் பண்ணி மெயில் போடுற ஜெராக்ஸ் மெஷின். அலாரம் மெயில் அனுப்புற சிசிடிவி ரெக்கார்டர். அட்டெண்டன்ஸ் மெஷின். இதெல்லாம் எரர் காட்டக்கூட ஸ்கிரீன் இல்லாம அமைதியா தோத்துக்கிட்டு இருக்கும். திருட்டு நடந்த அன்னைக்குத்தான் கேமரா மெயிலே வரலைன்னு தெரியும்.

புது மாடல்னா அதோட செட்டிங்ஸ்லயும் 587 போடலாம். ரொம்பப் பழசு, 25-ஐத் தவிர வேற தெரியாதுன்னா, ஆபீஸுக்குள்ளயே எப்பவும் ஓடுற ஒரு கம்ப்யூட்டர்லயோ ராஸ்பெர்ரி பை-லயோ போஸ்ட்ஃபிக்ஸ் போடுங்க. பழைய மெஷின் உள் நெட்வொர்க்ல அதுகிட்ட 25-ல கொடுக்கும், அது வெளியே 587-ல பாஸ்வேர்டோட எடுத்துட்டுப் போகும். பிராட்பேண்ட் பிளாக் வீட்டுக்கு வெளியேதான், உள்ளே இல்ல. ஒண்ணு மட்டும் கவனம்: உள் நெட்வொர்க்கைத் தவிர வேற யாருக்கும் அந்தக் கதவைத் திறந்து வைக்காதீங்க. அப்படி வெச்சா ஊர் ஸ்பேம் எல்லாம் உங்க வழியா போகும்.

சொந்த சர்வர் கனவு காணுறவங்களுக்கு

கேக்கிறவங்கள்ல பாதிப்பேர் டெவலப்பர்ஸ். "நானே பூந்தமல்லி வீட்டுல ஒரு மெயில் சர்வர் ஓட்டுறேன், 25-ஐத் திறக்கச் சொல்லிச் சண்டை போடவா?"ன்னு கேப்பீங்க.

போடலாம். ஆனா ஜெயிச்சாலும் பெரிசா பலன் இல்ல. ஸ்பாம்ஹவுஸ் நடத்துற பிபிஎல்னு ஒரு பட்டியல் இருக்கு. வீட்டு இணைப்புகளுக்குக் கொடுக்கிற ஐபி வரிசைகளை அதுல போட்டு வெச்சிருக்காங்க. உங்க கதவு திறந்தாலும், பட்டியலைப் பார்க்கிற சர்வர் தன் கதவைச் சாத்திடும். ரிவர்ஸ் டிஎன்எஸ் இல்லைன்னா இன்னொரு மறுப்பு. அதை அமைக்கிறது ஐபி கொடுத்த கம்பெனி கையில இருக்கு. சிஜிநாட்ல இருந்தா வெளியில இருந்து உங்களுக்கு மெயில் வரவும் வழி இல்ல.

"அப்போ கிளவுட்ல போடுறேன்." அங்கயும் இதே கதைதான். ஏடபிள்யூஎஸ், கூகுள் கிளவுட் ரெண்டுலயும் வெளியே போற 25 முதல்லயே மூடித்தான் இருக்கும். ஏடபிள்யூஎஸ்ல விண்ணப்பம் போட்டுத் திறக்கச் சொல்லலாம். டிஜிட்டல் ஓஷன் 465, 587 ரெண்டையும் சேர்த்தே மூடுது. உங்க ஆப்ல இருந்து ஓடிபி மெயில் போகலைன்னு ராத்திரி ரெண்டு மணிக்குக் கோடைத் தோண்டுறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

நடைமுறை வழி, ஸ்மார்ட் ஹோஸ்ட். சர்வர் உங்களுடையது, மெயில்பாக்ஸ் உங்களுடையது, வெளியே போற கடைசிப் பயணத்தை மட்டும் ஒரு ரிலே சேவைகிட்ட 587-ல ஒப்படைக்கிறது. போஸ்ட்ஃபிக்ஸ்ல ரிலேஹோஸ்ட்னு ஒரு வரி, கூடவே அதுக்கான பாஸ்வேர்ட் கோப்பு.

எனக்கு இதுல ஒரு வருத்தம் உண்டு. யார் வேணும்னாலும் சர்வர் ஓட்டலாம்னு தொடங்கின மெயில், இன்னைக்குச் சில பெரிய கம்பெனிகள் வழியா மட்டும் போற நிலைமைக்கு வந்துடுச்சு. ஸ்பேமர்கள் நம்மகிட்ட இருந்து பறிச்சதுல இதுவும் ஒண்ணு.

ரிலே மாத்தினா டிஎன்எஸ்ல எஸ்பிஎஃப் பதிவையும் மாத்தணும். "என் டொமைன் பேர்ல மெயில் அனுப்ப இவங்களுக்கு அனுமதி உண்டு"ன்னு சொல்ற பட்டியல் அது. கூடவே டிகிம் கையெழுத்தும். 2024 பிப்ரவரியில இருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கறாரா பார்க்கிறாங்க. அனுப்புறவர் யாரா இருந்தாலும் ஜிமெயிலுக்கு எஸ்பிஎஃப் அல்லது டிகிம் வேணும். ஒரு நாளைக்கு 5000-க்கு மேல அனுப்பினா ரெண்டும் வேணும், டிமார்க்கும் வேணும். இல்லைன்னா உங்க பக்கம் "சென்ட்"னு இருக்கும், அந்தப் பக்கம் ஸ்பேம்ல கிடக்கும்.

பூட்டினா சொல்லுங்க

கடைசியா, நான் பேசுறேன்னு சொன்ன விஷயம்.

பழைய லைன் எடுத்து ஃபைபர் போட வந்த பையன் வேலையைச் சுத்தமா செஞ்சான். ஸ்பீடு டெஸ்ட் காட்டினான். "யூடியூப் பாருங்க சார்"னு ஓட்டியும் காட்டினான். 25 மூடியிருக்கும்னு ஒரு வார்த்தை சொல்லல. அவனுக்கே தெரிஞ்சிருக்காது. பில்லுலயும் இல்ல, வந்த எஸ்எம்எஸ்லயும் இல்ல. கஸ்டமர் கேர்ல ரெண்டு தடவை "மோடம் ரீஸ்டார்ட் பண்ணுங்க"ன்னாங்க. மூணாவது தடவைதான் ஒருத்தர், "அந்த போர்ட் எங்க பாலிசிப்படி ஓபன் கிடையாது மேடம்"னார். அந்த ஒரு வரியை முதல் நாளே சொல்லியிருந்தா, ஒன்பது வீட்டுல எட்டு நாள் கடன் சொல்லி மளிகை வாங்கியிருக்க வேண்டாம்.

அதனால புது லைன் எடுக்கும்போது, அதுவும் கடைக்கோ பட்டறைக்கோ எடுக்கும்போது, மூணு கேள்வி கேளுங்க. வெளியே போற எந்தெந்த போர்ட்டை மூடியிருக்கீங்க? எனக்குக் கிடைக்கப்போறது தனி ஐபியா, பகிர்ந்துக்கிற ஐபியா? ஸ்டாட்டிக் ஐபி வாங்கினா 25-ஐத் திறப்பீங்களா, ரிவர்ஸ் டிஎன்எஸ் போட்டுத் தருவீங்களா? புகார் சொன்னா டாக்கெட் நம்பர் வாங்கிக்கோங்க. டிராய் அமைப்போட 2012 விதிமுறைப்படி, முதல் பதில் திருப்தி இல்லைன்னா அதே கம்பெனியோட அப்பீல் பிரிவுக்குப் போகலாம். அங்க அந்த நம்பர் கேப்பாங்க.

சித்தப்பா பட்டறையில இப்ப மானிட்டர் ஓரத்துல ஒரு மஞ்சள் சீட்டு ஒட்டியிருக்கு. அக்காவோட கையெழுத்து: "587. ஸ்டார்ட்டிஎல்எஸ். டிக் போடணும்." அதுக்குக் கீழே அவங்களே சேர்த்துக்கிட்ட ஒரு வரி: "சாயங்காலம் அவுட்பாக்ஸ் பார்க்கணும்." என் இன்ஜினியரிங் டிகிரியை விட அந்தக் கடைசி வரிதான் அந்த ஆபீஸைக் காப்பாத்தும்.

நாலு இன்வாய்ஸுக்கும் பணம் வந்துடுச்சு. சித்தப்பா எனக்கு ஃபீஸா ரெண்டு பிளேட் பிரியாணி வாங்கிக் கொடுத்துட்டு, "ஏம்மா, அந்த பிரிண்டரையும் கொஞ்சம் பாரேன்"னார்.

அது வேற எபிசோட். இன்னைக்கு வீட்டுல, கடையில மெயில் செட்டிங்ஸைத் திறந்து அந்த போர்ட் நம்பரை ஒரு தடவை பாருங்க. 25-னு இருந்தா, இப்ப ஓடினாலும் மாத்திடுங்க. அடுத்த வாரம் பார்க்கலாம்.